முழுங்காத மாத்திரை

"படிச்சுப் படிச்சு சொன்னேன் டிரெசரையா. ஏன் முழுங்கலன்னு நீங்களே கேளுங்க."

தெய்வநாயகத்தின் குரலில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம். ஜாலான் பெண்டஹாரா தெருத் துணிக்கடை வேலைக்கு அவன் போய் நாளாயிற்று. மனைவி சந்திரமதி குளிர்காய்ச்சலில் கட்டிலோடு கிடந்தாள்.

மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் பெற்ற மறுவருஷம் அது. அவள் அண்ணன் கல்யாணத்துக்காக இருவரும் பகாங் காட்டோரத் தோட்டம் ஒன்றுக்குப் போய் வந்திருந்தார்கள். இவர்கள் குடியிருந்த காஜா பேராங்கில் அடுத்த வீட்டுக்காரர் சேதுபதி. ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்தபடியாக மருந்து கொடுக்கும் டிரெசர். கிளம்பும்போதே மலேரியா மாத்திரை கொடுத்து, அங்கேயும், திரும்பி வந்த பிறகும் விடாமல் சாப்பிடச் சொல்லியிருந்தார்.

"நான் முழுங்கினேன், எனக்கு ஒண்ணுமில்ல. இவ சீலை முடிச்சுல கட்டி வச்சுட்டு, முழுங்கிட்டேன்னு பொய் சொல்லியிருக்கா."

சந்திரமதி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சேதுபதிக்கும் சலிப்புதான். காட்டுப் பக்கம் போய் வருகிற எல்லாரிடமும் கேட்டுக் கேட்டுப் புளித்த கதை.

"கசந்துச்சாம்மா?"

"இல்லங்கய்யா."

"மறந்துட்டியா?"

"இல்ல."

தெய்வநாயகம் தலையில் அடித்துக்கொண்டு, சுடுதண்ணி எடுக்க அடுப்படிக்குப் போனான்.

அவள் மெல்லச் சொன்னாள். "முழுகாம இருக்கேங்கய்யா. அவருக்கு இன்னும் சொல்லல. மாத்திரை ஆகுமோ ஆகாதோன்னு பயம்."

சேதுபதி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த மாத்திரை பிள்ளைய ஒண்ணும் செய்யாதும்மா. காய்ச்சல்தான் ஆபத்து. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? சரி, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடுவோம். இன்னும் கைமீறிப் போயிடல."

திரும்பினால், வாசற்படியில் செம்போடு தெய்வநாயகம். கேட்டுவிட்டிருந்தான்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல, சந்திரா?" குரல் இறங்கியிருந்தது. "நானா வேணாம்னு சொல்லப் போறேன்?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. டிரெசரிடமே சொன்னாள்:

"போன தடவை கரு கலைஞ்சப்போ, இவரு மொதல்ல கேட்டது, 'என்னத்த முழுங்கித் தொலைச்சே?'ன்னுதாங்கய்யா."