தெரணியகலையிலிருந்து ஒரு கை

எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று வெள்ளையம்மா அக்கா மறுபடியும் கேட்டார். கீபோர்டின் அடியில் இருக்கும் நீளமானதைத் தொட்டுக் காட்டினேன்.

விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். குளித்து, பெட்டியில் மடித்து வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டுதான் ரப்பர் தோட்டத்திலிருந்து இறங்கி வந்திருந்தார். ஆனாலும் ரப்பர் பால் வாசம் போகவில்லை. அது லேசில் போகிற வாசமில்லை.

திரையில் அவருடைய மகன் கிருஷ்ணராஜ் உட்கார்ந்திருந்தான். ஜப்பானில் ஒரு கேம்பஸில் ரோபோ ஆராய்ச்சி செய்கிறான். அந்தத் தோட்டத்திலிருந்து கேம்பஸ் போன முதல் பிள்ளை. போனவன் போய்க்கொண்டே இருக்கிறான். நாலு வருஷமாக அக்கா அவனைப் பார்ப்பதெல்லாம் தெரணியகலை டவுனில், என்னுடைய கம்யூனிகேஷன் கடையில், இந்தக் கம்ப்யூட்டரில்தான்.

அவனுக்குப் பக்கத்தில் மேசை மேல் ஒரு இரும்புக் கை நின்றது. அதன் முழங்கையை மடித்து, மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினான். நுனியில் பஞ்சு திணித்த வெள்ளைக் கையுறையை மாட்டி வைத்திருந்தான்.

அவனுடைய ஆராய்ச்சியே அதுதான். இங்கே ஒருவர் பட்டனை அழுத்தினால் அங்கே கை அசைய வேண்டும். தூரம் ஒரு தொந்தரவே இல்லையாம், தாமதம்தான் தொந்தரவாம். இங்கே அழுத்தியது அங்கே போய்ச் சேரக் கொஞ்ச நேரம், கை அசைந்த படம் இங்கே வந்து சேர இன்னும் கொஞ்ச நேரம்.

இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஆராய்ச்சி தேவையில்லை. என் வீட்டுக்காரர் கட்டாரில் இருக்கிறார். நான் கோபித்துக்கொள்வது அவருக்குப் போய்ச் சேருவதற்குள் எனக்குக் கோபம் போய்விடும்.

கிருஷ்ணராஜின் படிப்பு முடிந்துவிட்டது. ப்ரொபெஸர் அவனை இன்னும் மூன்று வருஷம் அங்கேயே இருக்கச் சொல்கிறாராம். அம்மா சம்மதித்தால் இருப்பேன், இல்லாவிட்டால் அடுத்த மாதமே வந்துவிடுவேன் என்று போன கிழமை சொல்லியிருந்தான். அம்மா முடிவைச் சொல்வதற்கு முன்னால் இந்தக் கையைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னான். இது சரிவந்தால் ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மா இங்கே வந்து அவன் தலையைத் தொடலாமாம்.

அக்கா முடிவோடுதான் வந்திருந்தார். வந்துவிடு என்று சொல்லப் போவதாக, கடைக்குள் ஏறியதுமே என்னிடம் சொல்லிவிட்டார். அவன் கையைக் காட்டட்டும், காலைக் காட்டட்டும், பிள்ளை வீட்டுக்கு வர வேண்டும். தோட்டத்து லய அறையில் அவர் தனி ஆள். காய்ச்சலில் கிடந்தால் ஒரு வாய் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க யாருமில்லை.

ஏர்போர்ட்டில் அவனை ஒழுங்காகத் தொடக்கூட இல்லை என்று அடிக்கடி சொல்வார். புதுச் சட்டையில் ரப்பர் பால் கறை பட்டுவிடும் என்று கையை இழுத்துக்கொண்டாராம். அதைச் சொல்லும்போதெல்லாம் தன் கையைத் தானே பிசைவார்.

கிருஷ்ணராஜுக்குப் பின்னால் ஒரு ஜப்பான்காரன், சிவப்புப் பட்டன் ஒன்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். கூட வேலை செய்கிறவனாம். இரும்புக் கை எட்டும் தூரத்தில் யாராவது உட்கார்ந்தால், அதை நிறுத்துவதற்கு இன்னொருவர் நிற்க வேண்டுமாம். அவர்கள் லேபில் அது சட்டம். அவன் அக்காவைப் பார்த்து இடுப்பை வளைத்துக் குனிந்தான். அக்கா எழுந்து நின்று கும்பிட்டார்.

ஆனால் முகம் மாறிவிட்டது. நிறுத்துவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்றால் அது அடிக்கவும் செய்யும் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

கிருஷ்ணராஜ் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டான். இப்போது அழுத்துங்கள் அம்மா என்றான்.

அக்கா விரலைப் பட்டனுக்கு மேலே கொண்டுபோனார். என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"மெதுவா அமத்துனா மெதுவாத் தொடுமா தங்கச்சி?"

எனக்கு என்ன தெரியும். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கை அசைந்தது. தாமதம் தாமதம் என்றானே, அப்படி ஒன்றையும் காணவில்லை. ஜப்பான்காரர்கள் கெட்டிக்காரர்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளைக் கையுறை மேலே எழும்பியது. கொஞ்சம் தயங்கியது. பிறகு இறங்கி அவன் உச்சந்தலையில் உட்கார்ந்தது.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. உதடு நடுங்கியது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. கட்டாரிலும் இப்படி ஒரு கை இருக்கக் கூடாதா என்று ஏக்கமாக இருந்தது.

தொட்டது உங்களுக்குத் தெரிந்ததா என்று அவன் கேட்டான். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்துவிடு என்ற சொல்லுக்காக நான் காத்திருந்தேன்.

தெரிந்தது என்றார். நன்றாகத் தெரிந்தது என்றார். இருந்து, ப்ரொபெஸர் சொல்கிறபடி எல்லாவற்றையும் முடித்துவிட்டு நல்லபடியாக வரச் சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார். அவன் முகமெல்லாம் சிரிப்பு. ஜப்பான்காரன் மறுபடியும் குனிந்தான். அதோடு லைன் நின்றது.

எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவு உறுதியாக வந்தவர், ஒரு இரும்புக் கையைப் பார்த்துவிட்டு இப்படி மனம் மாறலாமா என்று கேட்டே விட்டேன்.

அக்காவின் விரல் இன்னும் பட்டனுக்கு மேலேயே நின்றது.

"நான் இன்னும் அமத்தவே இல்ல தங்கச்சி. அங்க இருக்கணும்னு அவ்வளவு ஆச புள்ளைக்கி."

சொல்லிவிட்டு, ஒன்றுமில்லாத திரையைப் பார்த்தபடி அந்தப் பட்டனை மெதுவாக அழுத்தினார். விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.