ஹெட்போனுக்குள் போன சிரிப்பு

பிரிக்பீல்ட்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தின் கதவிடுக்கில் மத்தியான வெயில் ஒரு விரல் அகலத்துக்கு விழுந்து கிடக்கிறது, கண்ணுகளா. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஹெட்போன் மாட்டி நிற்கிறவன் ரியோட்டா, ஜப்பானிய ராக் குழுவின் பாடகன். தன் மொழியில் பாடிப் பேர்வாங்கிய பாட்டுகளையே இப்போது ஆங்கிலத்தில் பாடிப் பதிவு செய்கிறான். இந்தப்பக்கம் அவன் உச்சரிப்பைத் திருத்த வந்த விவியன், மெதடிஸ்ட் தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிறவள். பக்கத்தில் பதிவு செய்யும் நைஜல். ஒரே வரியை ரியோட்டா திரும்பத் திரும்பப் பாடுகிறான். நாக்கு வளைய மாட்டேன் என்கிறது. "இப்படியே போனா கிறிஸ்மஸே வந்துரும் லா," என்கிறான் நைஜல். "பாவம்டா, சும்மா இரு," என்று சொல்லிக்கொண்டே விவியன் அந்த வரியை ரியோட்டாவைப் போலவே குழறிப் பாடிக் காட்டுகிறாள். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். கண்ணாடி இருக்கிற தைரியம். அப்போதுதான் மேசையில் சிவப்பு விளக்கு எரிவது தெரிகிறது. உள்ளே இருப்பவரோடு பேசுகிற பொத்தானின் மேல் நைஜலின் முழங்கை. அத்தனையும் ரியோட்டாவின் காதுக்குள் போயிருக்கிறது. அவனோடு உள்ளே ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருக்கும் குழுவின் டிரம்ஸ்காரர் குச்சிகளை மடியில் வைத்துவிட்டுத் தரையைப் பார்க்கிறார். ரியோட்டா இடுப்பு வளையக் குனிந்து வணங்குகிறான். "சாரி, டீச்சர். ப்ளீஸ், யூ சிங்." விவியனுக்குக் காதுமடல் கொதிக்கிறது. மன்னிப்புக் கேட்க எடுத்த வாயில் அந்த வரிதான் வருகிறது. குரல் நடுங்க நடுங்கப் பாடுகிறாள். கண்ணை மூடிக் கேட்ட ரியோட்டா உடனே பாடுகிறான், ஒரு சொல் பிசகாமல், அவளுடைய நடுக்கத்தையும் விடாமல்.