கீழ் விண்டோ

"அங்கிள், அப்பா எழுந்துக்கறதுக்குள்ள நீங்கதான் ஏதாவது பண்ணணும்."

ஏரியைப் பார்த்த பால்கனியில், கொசுவுக்காகக் காலை மாற்றி மாற்றி வைத்தபடி ரோஷினி கிசுகிசுத்தாள். மணி இரண்டே கால். கையில் அப்பாவின் போன். எதிர்முனையில் பாஸ்கரன். அப்பாவின் டீம் லீடர், பதினாலு வருஷத்துச் சிநேகிதர். அம்பத்தூர் ஆபீசில் நைட் ஷிப்டில் இருந்தார்.

"இன்னாம்மா இந்நேரத்துல? நைனாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அப்பா நாற்காலியிலேயே தூங்கிட்டாரு. நான்தான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

பதினேழு வயசுப் பெண் விசும்பினாள். பாஸ்கரன் அவசரப்படுத்தவில்லை. அழுவாம மொதல்லேர்ந்து சொல்லு என்றார். அவள் சொன்னாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் சர்க்கரை அப்பா மனோகரனின் கண்ணில் கை வைத்தது. இடது கண் முழுசாகப் போனது. வலது கண்ணில் நிழல் மட்டும். பூந்தமல்லி கண் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டும் பலனில்லை. ஆபீசில் அவர் சொல்லவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் வெளியே அனுப்பினால் வேறு எவன் எடுப்பான்? வீட்டுக்கு வருகிற சம்பளம் அது ஒன்றுதான்.

நல்லவேளையாக வேலை வீட்டிலிருந்துதான். ஏதோ வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனியின் பழைய மெயின்பிரேம் கம்ப்யூட்டர். மவுஸ் இல்லை, படம் இல்லை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, அவ்வளவே. ஒரு கீயைத் தட்டினால் திரை குறுக்கே பிளந்து இரண்டு விண்டோ ஆகும். மேலே டெஸ்ட், எதை அழித்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. கீழே லைவ், நிஜ வாடிக்கையாளர்கள். இன்னொரு கீயைத் தட்டினால் ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவலாம்.

ரோஷினி முதலில் பச்சையை மஞ்சளாக்கிக் கொடுத்தாள். பிறகு லேப்டாப்பை ஹால் டிவியில் இணைத்து எழுத்தைப் பெரிதாக்கினாள். பிரிக்கும் கோட்டை ஏற்றி இறக்கிப் பார்த்தாள். எதுவும் எடுபடாத ஒரு ராத்திரி, அப்பாவை நகரச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அப்பா மனப்பாடமாகச் சொல்வார், இவள் அடிப்பாள். மீட்டிங் வந்தால் அவர் பேசுவார். அம்மா கோமளாவைத் தவிர இது யாருக்கும் தெரியாது.

"இன்னிக்கு அப்பாவுக்கு முடியல. மேல டெஸ்ட்ல இருக்கற லிஸ்ட்டை அழிச்சிட்டு நீ போய்ப் படுன்னாரு. நான் கீழ லைவ்ல இருந்தேன். மேல போற கீயைத் தட்டினேன், திரை அப்படியே நின்னுடுச்சு. எடுத்துக்கலன்னு நெனச்சு இன்னொரு தடவ தட்டினேன். அது ரெண்டையுமே எடுத்துக்கிச்சு அங்கிள். மேல போயிட்டு திரும்ப கீழயே வந்துடுச்சு. பாக்காம அழிச்சிட்டேன்."

"எத்தினி பேர் லிஸ்ட்டு?"

"மூவாயிரம்."

பாஸ்கரன் உச்சுக்கொட்டினார். 

எப்போதிலிருந்து அடிக்கிறாள் என்று கேட்டார். ஆகஸ்டிலிருந்து என்றாள். தினமுமா என்றதற்கு, பரீட்சை நாட்களிலும் என்றாள். பாஸ்வேர்டு தெரியுமா என்றார். மாற்றுவதுகூடத் தானே என்றாள். அவர் பக்கம் கீபோர்டு விடாமல் சடசடத்தது. லிஸ்ட்டைத்தான் மீட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"நீதானா அது? மச்சான் அடிக்கிற ஸ்பீடைப் பாத்துட்டு அவனுக்கு வயசு திரும்பிடுச்சுன்னு இங்க பேசிக்கினு கெடந்தோம்."

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்குக் கண் போவதற்கு முந்தைய தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து நாலு தட்டு வடகறி சாப்பிட்ட அதே அங்கிள்தான்.

"சுத்தமா ஒண்ணும் தெரியலையா அவனுக்கு?"

"வெளிச்சம் தெரியும். எதிர்ல ஆள் நின்னா தெரியும். முகம் தெரியாது." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா மேல தப்பில்ல அங்கிள். எட்டு மாசத்துல ஒரு வேலைகூட நிக்கல. வேலை போச்சுன்னா அவரு தாங்க மாட்டாரு. உங்களை நம்பித்தான் சொல்றேன். அந்த லிஸ்ட்டை மட்டும் எப்படியாவது திருப்பிக் கொண்டு வந்துடுங்க."

கீபோர்டுச் சத்தம் நின்றது.

"லிஸ்ட்டு எங்கயும் போவல. மூணு வாரமா உங்க நைனாவுக்கு மேலயும் டெஸ்ட்டுதான், கீழயும் டெஸ்ட்டுதான். நிஜத்தை நாங்க எப்பவோ எடுத்துட்டோம்."

ரோஷினி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அப்பாவை எழுப்ப வேண்டியதில்லை. சாமியைக் கும்பிட்டாள். அதற்குப் பிறகுதான் கேட்கத் தோன்றியது.

"ஏன் அங்கிள் எடுத்தீங்க?"

"அந்த ஸ்பீடைப் பாத்தப்பவே அடிக்கிறது மனோகரன் இல்லன்னு ஆபீசுக்குத் தெரியும். யாருன்னும் ஏன்னும்தான் தெரியாம இருந்துச்சு. நீ சொன்னதெல்லாம் இப்ப எழுதியாச்சு." பாஸ்கரனின் பேச்சில் இப்போது மச்சான் இல்லை. "காலைல ஒன்பது மணிக்கு லேப்டாப், ஐடி கார்டு ரெண்டையும் எடுத்துட்டு அப்பாவை ஆபீசுக்கு வரச் சொல்லிடு. தனியா அனுப்பாத, அவருக்குத்தான் கண்ணு தெரியாதே. நீயே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துடும்மா."