தேறாத ஆப்

"இந்த ஆப்பாவது தேறிடும்னு நினைக்கறேங்க," என்றபடி போனில் நெட்டை அணைத்து, அகல்யாவிடம் கொடுத்தான் சபரி.

"தேறிட்டா?"

"டெஸ்ட் முடிஞ்சது. இனிமே ஞாயித்துக்கிழமைல உங்க தூக்கத்தைக் கெடுக்க மாட்டேன்."

புனேயின் வாகட் பகுதியில் அவளுடைய எதிர் ஃப்ளாட்டுக்கு அவன் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. புனேக்குப் புதுசு என்றான். தீபாவளிக்குக் கோயம்புத்தூருக்குக் காரிலேயே போக ஆசை. மலைப்பாதையில் டவர் கிடைக்காதாம். அதனால் நெட் இல்லாமலே வழி சொல்லும் ஆப் வேண்டுமாம். ஞாயிறுதோறும் அவன் ஓட்டுவான், அவள் போனைப் பார்த்து வழி சொல்வாள்.

இன்றைக்குத் தளேகாவ் ஸ்டேஷன் வரை பரீட்சை. காரில் ஏறியதுமே அகல்யா ஆப்பின் குரலை அடைத்துவிட்டாள். அந்தம்மா பேசினால் தலைவலி வருகிறதாம்.

தளேகாவ் முச்சந்தியில் அம்பு வலப்பக்கம் திரும்பியது. பாழாய்ப்போன ஆப், இவ்வளவு சரியாகவா சொல்லித் தொலைக்கணும்! இது தேறிவிட்டால் அடுத்த ஞாயிறு அவன் அவன் வீட்டில், இவள் இவள் வீட்டில். முன்பு வந்த ஆப்களையெல்லாம் அவள் எப்படி ஃபெயிலாக்கினாளோ, அப்படியே இதையும் செய்தாள்.

"லெஃப்ட்."

"லெஃப்ட்டா?"

"அரே, அப்படித்தான் காட்டறது!"

திரும்பினான். ஸ்டேஷன் வரவில்லை, ஃபேக்டரி சுவர்தான் நீண்டுகொண்டே போனது.

"சே, இதுவும் உருப்படாது. அடுத்த வாரம் வேற பார்க்கணும்," என்றான். அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

"அதோ டீக்கடை. நிறுத்துங்க."

"அங்கயா? வேணாங்க. நல்லா இருக்காது."

"குடிக்காமலே எப்படித் தெரியும்? நிறுத்துங்க!"

இறங்கியதும் கடைக்காரர் அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"சபரி ஸாப்! நாலு வருஷம் எதிர் ஃபேக்டரில இருந்தீங்க, தினம் நம்ம டீதான். வேலை மாறினதும் வழியே மறந்து போச்சா?" என்று மராத்தியில் உரிமையோடு கேட்டார்.

சபரி தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"புனேக்குப் புதுசா?" என்று இடுப்பில் கை வைத்தாள் அகல்யா. திட்ட வாயெடுத்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "இருங்க... அப்போ ஸ்டேஷனுக்கு ரைட்டுனு உங்களுக்குத் தெரியும்ல? நான் லெஃப்ட்னதும் ஏன் திரும்பினீங்க?"

"நீங்க எதுக்கு லெஃப்ட்னு சொன்னீங்களோ, அதுக்குத்தாங்க," என்றான் சபரி.