ஒரு சிலிண்டர் போதும்

"உமர் பாயை வரச் சொல்லு. அந்தக் காத்து சிலிண்டரைக் கொண்டாரச் சொல்லு, சீக்கிரம்!"

முத்தம்மாளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. பேசுவது நைனாதானா?

போன வாரம் பட்டணத்து ஆஸ்பத்திரியில், "நுரையீரல் ரெண்டும் போயிடுச்சு. ஆக்சிஜன் வச்சா கொஞ்ச நாள் தள்ளலாம்" என்றார் டாக்டர்.

"மூக்குல குழாயை மாட்டிக்கினு கெடக்கறதுக்கு நான் இன்னா மாடா? வூட்டுக்கு இட்டுக்கினு போ!" என்று அடம்பிடித்துத் திரும்பியவர் அவள் அப்பா பச்சைமுத்து.

இன்று விடிந்ததிலிருந்து உதடு கறுத்து, பேச்சில்லாமல் கிடந்தார். வெளியே திடீரென்று ஊரே கூச்சல் போட்டது. மூன்று மாசமாக வெறும் வலை. ராத்திரி வெள்ளத்தில் முகத்துவாரத்தை அடைத்திருந்த மணல்மேடு உடைந்து, ஏரி முழுக்க இறால்! மீன்பறியும் வலையுமாக ஆணும் பெண்ணும் ஓடினார்கள். அந்தச் சத்தத்தில்தான் கண் விழித்துச் சிலிண்டர் கேட்டார்.

ஆள் பறந்தது. பழவேற்காட்டிலிருந்து கம்பவுண்டர் உமர் படகில் சிலிண்டரோடு வந்து குழாயை மாட்டினார்.

வலையைத் தோளில் போட்டபடி குப்பன் எட்டிப் பார்த்தான்.

"இன்னா பெரிப்பா, போன வாரம் அம்மாம் வீறாப்பு பேசுனே! எமன் வாசலுக்கு வந்ததும் மூக்கை நீட்டிட்டியே!"

சிரித்துக்கொண்டே தண்ணீருக்கு ஓடினான்.

முத்தம்மாளுக்குச் சுருக்கென்றது. போகட்டும், நைனாவுக்கு உயிர் மேல் ஆசை வந்துவிட்டதே, அது போதாதா!

"எறா... வருதா கண்ணு?"

"கூடை கூடையா வருது நைனா! கரையில கால் வைக்க எடமில்ல!"

அரை மணிக்கொரு தரம் இதே கேள்வி. இதே பதில். ஒவ்வொரு தரமும் அவர் முகம் மலர்ந்தது.

பொழுது சாயும்போது உமர் சிலிண்டர் முள்ளைப் பார்த்தார்.

"தீரப் போவுது. இன்னொண்ணு கொண்டாரட்டுமா, முத்தம்மா?"

"கேக்கணுமா பாய்? ஓடுங்க!"

பச்சைமுத்து கையைத் தூக்கித் தடுத்தார்.

"எல்லாரும் கரையேறிட்டாங்களா?"

"கடைசியா குப்பண்ணனும் வந்துடுச்சி. அதுக்கு மட்டும் அஞ்சு கூடை!"

"அப்ப ஒண்ணு போதும் பாய்." அவரே குழாயைக் கழற்றினார்.

"ஐயோ நைனா, இன்னா பண்றே? பொழைக்கணும்னுதானே கேட்டே?"

"காலையிலயே... போவேண்டியவன் கண்ணு" என்றார், மூச்சை இழுத்து இழுத்து. "ஊர்ல சாவு விழுந்தா... இன்னிக்கி எவன் வலையெடுத்திருப்பான்?"