மூன்றாம் சரணம்

தவமணியக்காவின் வாயை எப்படி அடைப்பது என்பதுதான் ஒரு மாதமாக பிரான்சிசுக்குப் பெரிய தலைவலி.

கணபதி பகுதியில் இருக்கிற ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர் அவர். ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த மோட்டாரில் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் காதை நம்பித்தான் சபையில் பாடகர் குழுவான கொயரை அவர் கையில் கொடுத்திருந்தார்கள்.

நாளைக்கு அறுப்பின் பண்டிகை, விளைச்சலுக்கு நன்றி சொல்லும் ஆராதனை. பிஷப் வருகிறார். கடைசி ஒத்திகையிலும் அதே கதைதான். இரண்டு சரணத்தை ஒழுங்காகப் பாடிய தவமணியக்கா, மூன்றாம் சரணம் வந்ததும் தொண்டை கிழியக் கத்தினார். சுதியும் போனது.

பிரான்சிஸ் கையைக் காட்டிப் பாட்டை நிறுத்தினார்.

“ஏனுங்க்கா, இதை மெல்லப் பாடோணும்னு எத்தனை தடவைங்க சொல்றது?”

“மறந்துபோச்சுங்க தம்பி.”

“உங்க பக்கத்துல நிக்கற பியூலாவைப் பாருங்க. எவ்வளவு அடக்கமாப் பாடறாங்க. சத்தம் வெளிய வருதுங்களா?”

பியூலா தலையைக் குனிந்துகொண்டாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிரான்சிசுக்கு எரிச்சல் கூடியது.

“மூணாவது சரணம் நீங்க பாட வேண்டாமுங்க்கா. வாயை மட்டும் அசைச்சாப் போதும். முடியலைன்னா நாளைக்குக் கீழ, சபையாரோட உக்காந்துக்குங்க.”

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அந்த வரிசையில் நிற்கிறவர் தவமணியக்கா. முகம் சுருங்கிப்போனது.

“இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் உட்டுருங்களேன் தம்பி.”

“பிஷப் முன்னாடி மானம் போயிருமுங்க.”

அக்கா பியூலாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

பாட்டு மறுபடி தொடங்கியது. மூன்றாம் சரணத்தில் எல்லாக் குரல்களும் தணிந்து ஒரே குரலாகச் சேர்ந்தன. இதற்குத்தானே இத்தனை பாடு என்று பிரான்சிஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் அது கேட்டது. முதலில் விக்கல் மாதிரி ஒன்று. பிறகு, அடக்க அடக்க மீறி வருகிற அழுகை.

கண்ணைத் திறந்தார். பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள் பியூலா. தோள் குலுங்கியது. முன்வரிசைப் பெண்கள் இரண்டு பேர் என்ன சத்தம் என்று திரும்பினார்கள்.

மறுநொடியே தவமணியக்கா தொண்டையைத் திறந்தார். சுதியில்லாத அந்தப் பெருங்குரலில் அழுகை அமுங்கிப்போனது. திரும்பியவர்கள், ‘அக்கா ஆரம்பிச்சுட்டாங்க’ என்று சிரித்துவிட்டு முன்னால் பார்த்துக்கொண்டார்கள்.

பிரான்சிஸ் பாட்டை நிறுத்தவில்லை.

எல்லோரும் போன பிறகு தவமணியக்காவிடம் கேட்டார். “பியூலாவுக்கு என்னங்க்கா கஷ்டம்?”

“தெரியலீங்க தம்பி. நான் கேக்கலை. பாட்டுல அந்த இடம் வந்தா அழுகை வந்துருது, அது மட்டும் தெரியும். சொல்லோணும்னு தோணறப்பச் சொல்லட்டும். அதுவரைக்கும் நாலு பேரு அவளைத் திரும்பிப் பாக்காம இருந்தாச் சரி.”

மோட்டாருக்குள்ளே தேய்கிற பேரிங்கின் சத்தம்கூடக் கேட்கிற காது. நாலடி தூரத்தில் நின்ற மனுஷியின் அழுகை அதற்கு ஒரு மாதமாகக் கேட்கவில்லை. அவளை அடக்கமாகப் பாடுகிறவள் என்று வேறு புகழ்ந்தாயிற்று. பிரான்சிசுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஆராதனை முடிந்து, பிஷப்பை வழியனுப்பிவிட்டு வந்த போதகர் பிரான்சிசைத் தனியாகக் கூப்பிட்டார்.

“எல்லாம் நல்லா இருந்துச்சுங்க பிரான்சிஸ். மூணாவது சரணத்தைத்தான் யாரோ கத்திக் கெடுத்துட்டாங்க. அந்தத் தவமணியம்மாதானுங்களே?”

“அவங்க மட்டும் இல்லீங்க ஐயா” என்றார் பிரான்சிஸ். “இன்னைக்கு நானும் சேர்ந்துதான் கத்தினேன்.”