தானாகச் செத்த சிட்டு

பாறை இடுக்கில் கையை விட்டு அந்த ஓசனிச்சிட்டை எடுத்தேன். கல்லோடு கல்லாக உறைந்திருந்தது.

கட்டைவிரல் அளவு உடம்பு, பூவில் தேன் உறிஞ்சும் ஊசி அலகு. ஊதாத் தலை, வெள்ளை வயிறு. கண் மூடியிருந்தது. நகங்களைப் பாறையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

"செத்துப்போச்சாக்கா?" என்றாள் த்ரான்சிதா.

"பாத்தா எப்படித் தெரியுது?"

விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். அசையவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

கீழே சந்தையூரிலிருந்து ஏறி வந்திருந்தாள். புருஷன் விட்டுப் போய் ஏழு மாதம். எங்கே போனான், யாரோடு போனான், ஒன்றும் தெரியாது. புல்மேட்டில் ஆடு மேய்க்கும் ஒருத்திக்கு வசியம் கட்டத் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒருத்தி நான்தான். ஒரு மூட்டை உருளைக்கிழங்கும், கூடையில் உயிரோடு ஒரு கினிப்பன்றியும் கொண்டுவந்திருந்தாள். மரியாதை தெரிந்த பெண்.

வசியத்துக்குத் தானாகச் செத்த சிட்டுதான் ஆகும். சிவப்புத் துணியில் வைத்துத் தைத்து மார்போடு கட்டிக்கொண்டால் போன புருஷன் திரும்பி வருவான். கையால் கொன்றது என்றால் எல்லாம் தலைகீழ். கொன்றவள் முகத்தில் அவள் புருஷன் சாகும்வரை விழிக்கமாட்டான். இது மேலேயும் கீழேயும் எல்லோருக்கும் தெரியும்.

கீழே இருப்பவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. எங்கள் உயரத்தில் இந்தச் சிட்டு தினமும் ராத்திரி சாகும். குளிர் தாங்காமல் மூச்சைச் சுருட்டிக்கொண்டு விறைத்துவிடும். வெயில் பட்டால் எழுந்து பூவுக்குப் போய்விடும். ஆடு மேய்க்கிற எங்களுக்கு இது பழகிப்போன விஷயம்.

வெயில் வர இன்னும் நேரம் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

சிட்டைத் துணியில் சுற்றி நாலு தையல் போட்டேன். பையை அவள் கழுத்தில் கட்டி, சட்டைக்குள் நானே இறக்கிவிட்டேன்.

"பேரைச் சொல்லிக் கூப்பிடு."

"லிசார்தோ," என்றாள். "லிசார்தோ, வீட்டுக்கு வாய்யா."

பாறையடியில் குந்திக் காத்திருந்தோம்.

"அப்படி என்னடி இருக்கு அவன்கிட்ட?"

"ஒண்ணுமில்லக்கா. சுத்தச் சோம்பேறி. கிழங்குக்குத் தோலைக்கூட நான்தான் உரிச்சுக் குடுக்கணும், தொரைக்கு. ஆனா சிரிச்சான்னா..."

அதற்குமேல் கேட்க எனக்கு இஷ்டமில்லை.

சட்டென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா! துடிக்குதுக்கா! அவன் என்னை நெனைக்கிறான்!"

சட்டைக்குள் பை படபடத்தது. அவள் உடம்புச் சூடு அவ்வளவு நல்ல சூடு. உள்ளேயிருந்து மெல்லிசாக ஒரு கீச்சுச் சத்தம்கூட வந்தது. அவளுக்கு அது கேட்கவில்லை. அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் மனசு நழுவப் பாக்குதுடி. விட்டுடாதே. இறுக்கிப் பிடி."

இறுக்கினாள். இரண்டு கையாலும் இறுக்கினாள். பாழாய்ப்போன சிட்டு அடங்கவில்லை. சந்தையில் ரிப்பன் விற்கிற கை, பலம் போதவில்லை. நானும் என் கையை அவள் கைமேல் வைத்து அழுத்தினேன்.

சுள்ளி ஒடிகிற மாதிரி உள்ளே ஏதோ ஒடிந்தது.

"அடங்கிடுச்சு," என்றாள் மெதுவாக. "இனி வந்துடுவான் இல்லியாக்கா?"

"பையைப் பிரிச்சு மட்டும் பாத்துடாதே."

என் கையை எடுத்து முத்தமிட்டாள். பிறகு கீழே இறங்கினாள், கிட்டத்தட்ட ஓட்டமாக. பாவமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். பாவத்தைவிட நிம்மதி அதிகமாக இருந்தது.

உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். லிசார்தோ அப்போதுதான் எழுந்து அடுப்பருகே உட்கார்ந்திருந்தான்.

"காலங்காத்தால யாரு வந்தது?"

மறைத்திருக்கலாம். ஜெயித்த திமிர் விடவில்லை.

"உன் பொண்டாட்டி. இனி வரமாட்டா."

அவன் எழுந்து வாசலுக்குப் போனான். கீழே இறங்கும் பாதையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றான்.

"இந்தக் குளிர்லயா வந்தா?" என்றான். "சால்வை போத்தியிருந்தாளா?"